ஒரே ஸ்கேன் முடிவு, இரண்டு விதமான நாரி நோவு

மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு 41 வயது. கலியாணத்துக்கு முந்தியே தறியில் இருந்து பழகியவள். இரண்டு வருடமாக நாரி நோவு. சில நாள் இடது புட்டம் வரைக்கும் இறங்கும், முழங்காலுக்குக் கீழே போவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நாலாம், ஐந்தாம் நாரி எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. ராத்தாவின் மாப்பிள்ளைக்கு 52 வயது, வயல் செய்கிறவர். அவருக்கும் அதே இடம், அதே முடிவு, அதே குளிசை. மச்சான் விதைப்பு நேரம், வெட்டு நேரம் என்று நாலைந்து நாள் படுப்பார், பிறகு எழும்பி உரப்பை தூக்குவார். எனக்கு அரை மணித்தியாலம் குந்த ஏலாது. ஐந்து மாதமாகத் தறிப் பக்கம் போகவில்லை. தொழுவதும் கதிரையில்தான். பகல் முழுக்க பெல்ட். இரவில் இரண்டு மூன்று தடவை விழிப்பு. கணவர் கட்டாரில், கடனும் இருக்கிறது. பாமசியில் டைக்ளோஃபெனாக் என்ற நோவுக் குளிசை வாங்கி அநேகமாகத் தினமும் போடுகிறேன். 'ஒரே நோய்தானே, அவர் வேலை செய்கிறார், உனக்கு மட்டும் என்ன' என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் நடிக்கிறேனா? குனிந்தால் டிஸ்க் வெடித்துக் கால் இழுத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா? ஒப்பரேசன் செய்தால் சரிவருமா?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நடிக்கவில்லை. இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மச்சான் உங்களைவிடப் பொறுமைசாலி என்றோ, நீங்கள் அவரைவிடப் பலவீனமானவர் என்றோ இதில் எதுவுமே இல்லை. இரண்டு பேரின் ஸ்கேன் தாளிலும் ஒரே வசனம் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வசனம் உங்கள் நோவைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நாரி நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஒரு பெரிய மீளாய்வு வெளிவந்தது. நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஐம்பது வயதில் அது நூற்றுக்கு 60. எண்பது வயதில் 84. இத்தனை பேரும் எந்த நோவும் இல்லாமல் நடமாடியவர்கள். ஆகவே உங்கள் தெருவில் உங்கள் வயதில் நாரி நோவில்லாத பத்துப் பெண்களைக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால் ஏறத்தாழ ஐந்து பேருக்கு அதே வசனம் எழுதி வரும். பின்லாந்தில் ஒரே கருவில் உருவான இரட்டையர்களின் முள்ளந்தண்டைப் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். ஒருவர் பாரமான வேலை செய்தவர், மற்றவர் இலேசான வேலை செய்தவர் என்று தேடிப் பிடித்த சோடிகள். டிஸ்க் தேய்மானத்துக்குச் செய்த தொழிலைவிடப் பரம்பரையும் சிறுவயது வளர்ப்பும்தான் கூடுதலாகப் பொருந்தி வந்தன. தறியில் இருந்ததால்தான் இப்படி ஆனது என்று உங்களை நீங்களே நொந்துகொள்வதும் தேவையில்லை.

சரி, அப்போது வித்தியாசம் எங்கே இருக்கிறது? நாரி நோவு என்று கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். எல்லோரும் கையை வைத்துக் காட்டுவது ஒரே இடம். அதற்குப் பிறகு சொல்கிற கதை ஆளுக்கு ஆள் வேறு.

வயதான ஒருவர் வருவார். கடைத்தெருவுக்கு நடந்தால் நூறு யார் தாண்டுவதற்குள் இரண்டு காலும் கனத்து உளைந்து, எங்கேயாவது திண்ணையில் குந்திவிடுவார். குந்தி, கொஞ்சம் முன்னால் சரிந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். அதே ஆள் சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து வருவார், ஒன்றும் செய்யாது! இவருக்கு முள்ளந்தண்டில் நரம்பு போகிற வழி ஒடுங்கியிருக்கலாம். முன்னால் குனிந்தால் அந்த வழி கொஞ்சம் விரியும், அதனால் சைக்கிள் அவருக்குச் சுகம். இன்னொருவர் 28 வயது இளைஞர். விடியற்காலை நோவிலேயே விழிப்பு வரும். எழும்பி ஒரு மணித்தியாலம் போகும் வரை முதுகு மரக்கட்டை. ஓடியாடினால் இளகும், ஓய்வெடுத்தால் கூடும். இடைக்கிடை கண் சிவந்து நோகும். இது டிஸ்க் சங்கதியே அல்ல, முள்ளந்தண்டு மூட்டுகளில் வருகிற வாத அழற்சியாக இருக்கலாம். இவர் பார்க்கவேண்டியது வாத நோய் நிபுணரை. அதைத் தெரியாமல் வருடக்கணக்கில் எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தோணியில் வலை இழுக்கும்போது பிடித்துக்கொண்டது என்று வருகிற மீனவருக்கு நோவு முதுகில் இருப்பதைவிடக் காலில்தான் அதிகம். இருமினால் கெண்டைக்கால் வரைக்கும் மின்சாரம் மாதிரி வெட்டும். அது நரம்பு அழுத்தப்படுகிற கதை.

இப்படிக் காரணத்தைத் தொட்டுக் காட்டக்கூடியவர்கள் சிறுபான்மை. நாரி நோவுள்ள நூறு பேரில் ஏறத்தாழ 90 பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று எந்தப் படத்திலும் சுட்டிக்காட்ட முடியாது. நீங்களும் மச்சானும், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தப் பெரும்பான்மையில் இருக்கிறீர்கள். அந்தப் பெரும்பான்மைக்குள்ளேயே இரண்டு வேறு ஆட்கள்.

மச்சானை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நோவு வருவது பருவத்தோடு. பெரும்போகத்துக்கு வரம்பு கட்டி விதைக்கும்போது ஒரு தடவை, மாசி பங்குனியில் வெட்டி மூடை ஏற்றும்போது இன்னொரு தடவை. இடையில் சுகம். நித்திரை வருகிறது. நோவு எதனால் வந்தது என்பது அவருக்குத் தெரியும், நாலு நாளில் போகும் என்பதும் தெரியும். போன முறையும் போனது, இந்த முறையும் போகும் என்ற தைரியம் இருக்கிறதே, அது பெரிய மருந்து. அவர் படுப்பதும் எழும்புவதும் அந்தத் தைரியத்தில்தான்.

உங்களுடையது அப்படிப் போய் வருகிற நோவல்ல. இரண்டு வருடமாகக் கூடவே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட நோவு என்கிறோம். தொடக்கத்தில் ஏதோ ஒரு தசையோ, சவ்வோ, டிஸ்க்கோ நொந்திருக்கும். அது ஆறியிருக்கும். ஆனால் மழை விட்டும் தூவானம் விடாத கதையாக, அந்த இடத்துச் செய்தியைக் கொண்டுபோகிற நரம்புகளும் அதை வாங்கிக்கொள்கிற மூளையும் இன்னும் அடங்கவில்லை. கொஞ்ச நேரம் குந்தியிருந்தால் வரவேண்டிய சாதாரண உளைவு உங்களுக்குத் தாங்க முடியாத நோவாக வந்து சேர்கிறது. இது கற்பனையல்ல, மனநோயும் அல்ல. உடம்பு உண்மையிலேயே அப்படி மாறியிருக்கிறது. திரும்பவும் மாறக்கூடியது.

இந்த மாற்றத்துக்குத் தீனி போடுகிறவை உங்கள் கடிதத்திலேயே வரிசையாக இருக்கின்றன, நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. முதலாவது நித்திரை. தொடர்ந்து நித்திரை முறிந்தால் அடுத்த நாள் அதே குத்து கூடுதலாகக் குத்தும். நோவினால் நித்திரை கெடும், நித்திரை கெட்டதால் நோவு கூடும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். இரண்டாவது பயம். "டிஸ்க் வெடிக்கும், கால் இழுத்துப்போகும்" என்று யாரோ ஒருவர் சொன்ன அந்தச் சொல், உங்களை ஐந்து மாதம் தறியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறது. குனியப் பயந்தால் குனிய மாட்டீர்கள். குனியாமல் விட்டால் தசை இறுகி மெலியும். பிறகு தப்பித்தவறிக் குனிகிறபோது நோகும், பயம் மெய்தான் என்று தோன்றும். மூன்றாவது, தலைக்குமேல் கடன், கணவர் தூரத்தில், நோவைச் சொன்னால் நம்பாத வீடு. நீண்ட கால மனப்பாரம் நோவைக் கூட்டும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விசயம். எங்கள் கரையோரத்தில் யுத்தமும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடலும் வீட்டுக்கு வீடு விட்டுப்போன சுமையும் இதில் சேர்த்தி. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் உங்களைப் பரிசோதிக்கிறவர் கேட்கவேண்டிய கேள்வி அது.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் நாரி நோவுக்காரர்களைப் பிரித்தறிய ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். கால் வரை நோகிறதா, வேறு இடத்திலும் நோகிறதா, நடக்க, உடுக்கச் சிரமமா, அசைவது ஆபத்து என்று நினைக்கிறீர்களா, கவலை எண்ணங்கள் வருகின்றனவா, இனிச் சுகம் வராது என்று தோன்றுகிறதா, விருப்பமான காரியங்களில் மனம் ஒட்டுகிறதா என்று போகும் அந்தக் கேள்விகள். ஸ்கேன் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. விடைகளைப் பார்த்து மூன்று பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு சிகிச்சை கொடுத்தபோது, எல்லோருக்கும் வழக்கமான முறையில் கொடுத்ததைவிடக் குணம் நன்றாக இருந்தது. அந்த ஆய்வு 2011இல் வெளியானது. நான் வாசித்த அளவில் மச்சான் இலேசான பிரிவில் வருவார், நீங்கள் கூடுதல் கவனம் தேவைப்படுகிற பிரிவில். இரண்டு பேருக்கும் ஒரே குளிசையை எழுதிக் கொடுத்ததுதான் இங்கே பொருந்தாத காரியம்.

இனி உங்களுக்குச் செய்யவேண்டியது.

குனிவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. டிஸ்க் வெடிக்கிற பொருள் அல்ல. அது இரண்டு எலும்புகளோடும் ஒட்டி வளர்ந்த, தடித்த நார் வளையம். நடுவில் உள்ளது வெளியே தள்ளிப் பிதுங்கினாலும் பல பேருக்கு உடம்பே அதை மெல்ல மெல்ல உறிஞ்சிச் சுருக்கிவிடுகிறது. குனிவதால் உங்களுக்குக் கால் இழுத்துப்போகாது. கதிரையில் தொழுவதா இல்லையா என்ற மார்க்கத் தீர்ப்பு என்னுடைய துறை அல்ல. உடம்பைப் பொறுத்தவரை, நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூது உங்களுக்கு நல்ல பயிற்சி. முதலில் தொழுகைக்கு வெளியே, பயிற்சியாகச் செய்து பாருங்கள். பாயில் முழங்காலில் நின்று, முன்னால் மூன்று தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையையும் ஊன்றி, புட்டத்தைக் குதிகாலை நோக்கிப் பின்னுக்கு விட்டுக்கொண்டே நெற்றியைத் தலையணையில் வையுங்கள். மூச்சை அடக்காதீர்கள். இரண்டு மூச்சு இருந்துவிட்டு எழும்புங்கள். ஐந்து தடவை, காலையும் பின்னேரமும். ஒரு கிழமை பழகிய பிறகு ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். நோவு கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, அன்று இரவுக்குள் பழைய நிலைக்கு வந்தால் போதும். அடுத்த நாளும் கூடியே இருந்தால் எடுத்த தலையணையைத் திரும்ப வைத்து இன்னும் சில நாள் போகட்டும். நின்றபடி குனிகிற ருகூவையும் இப்படியே பழகலாம், முதலில் மேசை விளிம்பில் கையை ஊன்றி, பிறகு கதிரையின் இருக்கையில், பிறகு உங்கள் முழங்காலில்.

தறியை விற்கிற எண்ணம் இருந்தால் பொறுங்கள். அரை மணித்தியாலம் குந்த முடியாது என்றால் இருபது நிமிடத்தில் எழும்புங்கள். நோவு வந்த பிறகு எழும்புவதல்ல, மணிக்கூட்டைப் பார்த்து, நோவு வர முந்தியே. எழும்பி வாசல் வரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்ப இருங்கள். நாளுக்கு இரண்டு தரம் இப்படித் தொடங்கி, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். சுகமான நாள் ஒன்று வரும், அன்று நாலு மணித்தியாலம் நெய்து தள்ளவேண்டும் போல இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்து அடுத்த இரண்டு நாள் படுத்தவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். கால் மிதியை எட்டி எட்டி மிதிக்கவேண்டியிருந்தால் இருக்கைப் பலகையைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்துங்கள். முன்னால் நீண்டுபோய் மிதிப்பதுதான் உங்கள் நாரியை அதிகம் களைக்க வைக்கும்.

பெல்ட்டைக் கழற்றலாம். உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெல்ட், முதுகை இழுத்துக் கட்டுகிற சிகிச்சை, மோர்ஃபின் போன்ற ஓபியொயிட் வகை வலிமருந்து ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று அதில் இருக்கிறது. செய்யச் சொல்வது உடற்பயிற்சி, நோவைப் பற்றி விளங்கப்படுத்தல், உளவியல் முறைச் சிகிச்சை, பிடித்துவிடுதல் போன்றவை. இத்தனை மாதம் கட்டிப் பழகிய பெல்ட்டை ஒரே நாளில் விட்டால் பயமாக இருக்கும், எனவே ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். உம்மாவோ ராத்தாவோ பின்னேரத்தில் எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டால் அதில் தவறில்லை, அதற்குப் பிறகு நடந்தால் இன்னும் நல்லது.

குளிசை விசயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் தினமும் போடுவது இரைப்பையில் புண்ணாக்கும், பிரசரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றும் சத்தமில்லாமல் நடக்கிறவை. அடுத்த கிழமைக்குள் ஒரு டொக்டரிடம் போய் பிரசரையும் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையையும் பாருங்கள். கருப்பாக மலம் போனால் அன்றைக்கே போகவேண்டும். பாமசிக்காரரிடம் கேட்டு வாங்கும் பழக்கத்தை விடுங்கள்.

நித்திரைக்குப் பெரிய மந்திரம் ஒன்றும் என்னிடம் இல்லை. பகல் படுக்கையைக் குறையுங்கள், சுபஹுக்கு எழும்புகிற நேரம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும், கட்டார் அழைப்பைப் படுக்கையில் இருந்து பேசாமல் இஷாவுக்கு முந்தி முடித்துக்கொள்ளுங்கள். கடன் கணக்குப் பேசிவிட்டுக் கண்ணை மூடினால் யாருக்கும் நித்திரை வராது. மனம் சோர்ந்து, அழுகை அடங்காமல், வாழ்ந்து என்ன என்று தோன்றுகிற நாட்கள் இருந்தால் அதை டொக்டரிடம் மறைக்கவேண்டாம். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அதைச் சொன்னால் நாரி நோவைப் பொய் என்று நினைப்பார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள்.

மச்சானுக்கும் ஒரு சொல். அவர் தேறிவிட்டார் என்று விடவேண்டாம், வருடத்துக்கு இரண்டு தடவை படுப்பதும் நோய்தான். வெட்டு முடிந்து அடுத்த விதைப்பு வரை உடம்பு சும்மா இருந்துவிட்டு, ஒரே நாளில் 50 கிலோ உரப்பையும் 16 லீற்றர் மருந்து டாங்கியும் முதுகில் ஏறினால் எந்த நாரியும் முறைப்பாடு செய்யும். அவுஸ்திரேலியாவில் நாரி நோவு வந்து தேறிய 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நடைப்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டி, கிழமைக்கு ஐந்து நாள் அரை மணித்தியாலம் வரை கொண்டுவந்து, கூடவே நோவைப் பற்றி விளங்கப்படுத்தினார்கள். அவர்களுக்குத் திரும்ப நோவு வர எடுத்த நாட்கள் நடு அளவில் 208. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 112. மச்சானுக்குப் பொருந்துவது இதுதான். வேலையில்லாத மாதங்களில் தினமும் நடை, விதைப்புக்கு ஒரு மாதம் முந்தியே கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் தூக்கிப் பழகுதல், உரப்பையை இரண்டு பேர் பிடித்து ஏற்றுதல்.

ஒப்பரேசன் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதில் அதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. டிஸ்க் ஒப்பரேசன் உதவுவது பெரும்பாலும் நரம்பு அழுந்திக் காலுக்கு இறங்குகிற கடும் நோவுக்கு, அதுவும் மற்றச் சிகிச்சைகள் செய்து பார்த்த பிறகு. நாரியில் மட்டும் நிற்கிற நோவுக்கு, ஸ்கேனில் பிதுங்கல் இருக்கிறது என்பதற்காகச் செய்தால் நோவு அப்படியே இருக்கவும் கூடும். ஆனால் சலம் போகாமல் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, அந்தரங்கப் பகுதியும் தொடை உட்பக்கமும் மரத்தாலோ, கால் பலம் குறைந்து பாதம் தொங்கினாலோ ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே ஒப்பரேசன் அவசரம். காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவு, முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்த வரலாறு, விழுந்த பிறகு வந்த நோவு, படுத்தாலும் ஓயாமல் கூடிக்கொண்டே போகிற நோவு, இவற்றில் ஏதாவது இருந்தாலும் இந்தப் பதிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு டொக்டரைப் பாருங்கள்.

அப்புறம், காசு கொடுத்துத் தூரம் போகத் தேவையில்லை. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைக் கண்டு இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்குத் துண்டு கேளுங்கள், கட்டணம் இல்லை. போகும்போது ஸ்கேன் படத்தோடு ஒரு கொப்பித் தாளில் மூன்று விசயம் எழுதிக்கொண்டு போங்கள். எவ்வளவு நேரம் குந்த, நிற்க, நடக்க முடிகிறது, இரவில் எத்தனை தரம் விழிக்கிறீர்கள், நோவினால் நிறுத்திய வேலைகளில் எதைத் திரும்பச் செய்ய அதிகம் ஆசை. மூன்றாவதற்கு நீங்கள் தறி என்று எழுதினால் பயிற்சிகளைத் தறிக்கு ஏற்றபடி அமைத்துத் தரச் சொல்லுங்கள். தலையணைப் பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம், ஆஸ்பத்திரி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.